ஐந்தாவது டப்பா

தெருவில் அவருக்கு ஆகட்டும்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஆகட்டுங்க" என்ற சொல். நாளைக் காலைக்குள் பன்னிரண்டு சட்டை வேண்டுமா, ஆகட்டுங்க. போர்வை இன்னும் ஈரமாக இருக்கிறதா, பரவாயில்லை, ஆகட்டுங்க. சொல்வது அவர் வாய், தேய்ப்பது அவர் மனைவியின் தோள். இந்த ஏற்பாட்டில் பதினேழு வருஷமாக அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு பேர் தாராளமாகப் படுத்துப் புரளக்கூடிய மேசை, அதன்மேல் நான்கு பழைய கம்பளி, அதற்கும் மேல் ஒரு வெள்ளைத் துணி. வெள்ளை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், பெட்டி பட்டுப் பட்டு அது தேநீர் நிறத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. உத்தரத்துக் கொக்கியில் இருந்து இஸ்திரிப் பெட்டியின் வயர் தொங்கும். சிமெண்டுத் தரையின் குளிர் காலில் ஏறாமல் இருக்கக் கீழே ஒரு பலகை. காலை ஏழு மணிக்கு அந்தப் பலகையில் ஏறுகிறவள் மாலை ஆறுக்குத்தான் இறங்குவாள். நடுவில் சோறு தின்ன அரை மணி.

சட்டை என்றால் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலர், உள்பக்கம் பிறகு வெளிப்பக்கம். அடுத்து தோள்பட்டை, கைமடிப்பு, கை, முதுகு, கடைசியில் முன்பக்கம். வரிசை மாறினால் தேய்த்த இடமே மறுபடி கசங்கும். லேசான பெட்டி வாங்கினால் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், கனமான பெட்டி என்றால் அழுத்த வேண்டாம், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். எது வாங்கினாலும் பதில் சொல்ல வேண்டியது தோள்தான். அவளுடையது கனமான பெட்டி.

அவர் ஏன் தேய்ப்பதில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை தயாராக இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் முதுகு நடுவே பெட்டியை வைத்துவிட்டு, வாசலில் யாரிடமோ ஆகட்டும் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் பெட்டியின் உருவம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்ததாம். அன்றைக்குத் தொட்டதுதான் பெட்டியைக் கடைசியாக. "எனக்கு அந்தக் கை ராசி இல்லைங்க" என்று எல்லாரிடமும் பெருமையாகவே சொல்லுவார். ஒரே ஒரு சட்டையைக் கருக்கிவிட்டு ஆயுள் முழுக்க விடுமுறை வாங்கிக்கொண்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். துணி வாங்கி வருவதும், கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. மழையோ காற்றோ, சைக்கிள் மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழை என்றால் குடை விற்பவனுக்கு நல்ல காலம், இஸ்திரி போடுகிறவளுக்கு அப்படி இல்லை. யார் வீட்டிலும் துணி காயாது. அரை ஈரத்திலேயே சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெயில் செய்ய வேண்டிய வேலையையும் பெட்டியே செய்தாக வேண்டும். ஒரு இழுப்பில் முடிகிற இடத்தில் நாலு இழுப்பு. ஆவி எழும்பி எழும்பி முன்னறை முழுக்க ஊரார் உடம்பு வாசனை. சுவரில் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது.

கழுத்தின் வலப்பக்க அடியிலிருந்து தோள் முனை வரைக்கும் அவளுக்கு இறுகிப் போயிருந்தது. வலி என்று அதைச் சொல்லிவிட முடியாது. வலி என்றால் வரும், போகும். இது வந்து குடியேறிவிட்டது. காலையில் எழுந்தால் தலைசீவக் கை மேலே போகாது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவாள். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் உடம்பில் இருக்கிற தெம்பை யாரோ வடித்து ஊற்றிவிட்டது போலாகிவிடும். அதற்குப் பிறகும் மூன்று மணி நேர வேலை பாக்கி இருக்கும்.

இந்த நிலைமையில்தான் பேருந்து நிலையத்துக்கு எதிரில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டல்காரர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

"வாரத்துக்கு நூறு கோட்டு, நாப்பது மேசைவிரிப்பு. நிரந்தரமா நமக்கேதான்னு சொல்றாங்க" என்றார், சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே.

"என் தோளு நிரந்தரமா இருக்குமான்னு கேட்டீங்களா?"

"அதில்லம்மா, பெரிய இடம்…"

"பெரிய இடமாவே இருக்கட்டும். எனக்குச் சீப்பைத் தூக்க முடியலைங்க. கோட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு கோட்டு மூணு சட்டைக்குச் சமம். உள்ள துணி வேற, வெளிய துணி வேற, காலரு மடங்கி நிக்கணும், பளபளன்னு ஆகிடவும் கூடாது. இருக்கறதையே முடிக்க முடியாம நான் தொங்கிட்டு இருக்கேன். வேணாம்னு சொல்லிடுங்க."

"நீ சொன்னா சரிதான்."

"சொல்லிடுவீங்களா?"

"ஆகட்டும்."

அவள் நம்பினாள். பதினேழு வருஷம் கூட இருந்தும் அந்தச் சொல்லை நம்பினாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் முதல் டப்பாவைக் கொண்டுவந்தார். வெள்ளை டப்பா, நீல எழுத்து, மேலே ஓடுகிற ஒரு மனிதனின் படம். மெக்னீசியம் பவுடர். தசை இறுக்கத்துக்குக் கைகண்டதாம். சொன்னது அவருடைய தங்கை. அந்த நாத்தனார் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர் போகிறவர் எல்லாம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, அரை வைத்தியராகியிருந்தாள்.

அவளுக்கு மனசு இளகித்தான் போனது. இத்தனை வருஷத்தில் அவராக அவளுடைய உடம்புக்கென்று ஒன்று வாங்கி வந்தது அதுதான் முதல்முறை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். "ஒரு கரண்டி, ஒரு தம்ளர் தண்ணியில, ரெண்டு வேளை." கரண்டியைத் தேடினார், காணோம். தேடுகிற நேரத்தில் கைக்கு அகப்பட்டது கஞ்சிப் பொடி அளக்கிற அலுமினியக் கரண்டி. கஞ்சி போட வேண்டிய துணிக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒன்று என்று கணக்கு. அந்த வீட்டில் கரண்டி என்றால் அது ஒன்றுதான், பதினேழு வருஷமாக. தலை தட்டி, ஒழுங்காக அளந்து, கலக்கிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் அவள் பலகையில் நின்ற நேரத்தைவிடக் கொல்லைக்கு ஓடிய நேரம் அதிகமாகிவிட்டது. ஒரு காலர் தேய்ப்பாள், பெட்டியை நிமிர்த்தி வைப்பாள், ஓடுவாள். திரும்பி வந்து அடுத்த காலர். வாசலில் துணிக்கு வந்தவர்கள் நின்றார்கள். "உள்ள கொஞ்சம் வேலையா இருக்கா, இதோ வந்துடுவா" என்று அவர் சமாளித்தார். மூன்றாம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

டப்பாவையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு அவளே போனாள்.

"எதால அளந்தீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

அவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கரண்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இது அஞ்சாறு வேளைக்குப் போடறது. ஒரே வேளைக்கா போட்டீங்க? நல்லவேளை, இதோட போச்சு." டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவி, பொடிக்கு அடியில் புதைந்திருந்த கட்டைவிரல் அளவுக் கரண்டியை எடுத்துக் காட்டினார். "இதான் கரண்டி. இனிமே ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கமே போகாதீங்க. தண்ணி நிறையக் குடிங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆகட்டும்காரருக்கு முகம் சுண்டிப்போனது. பத்து நிமிஷம்தான். "சரி விடு, பவுடர்ல அளவு குழப்பம். மாத்திரைன்னா எண்ணிப் போடலாம் பாரு" என்றார். மறுவாரமே இரண்டாவது டப்பா வந்துவிட்டது.

அது தெம்புக்கு. சிவப்புக் குப்பி, காலையில் ஒன்று. நாலாவது நாள் கொல்லையிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவரேறி எட்டிப் பார்த்தாள். சிறுநீர் மஞ்சள் மஞ்சளாக, துணிக்குச் சாயம் போட்டதுபோல் போகிறது. மஞ்சள் காமாலைதான் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவர் அவளை ஜன்னல் ஓரம் நிறுத்தி, இமையைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். என்ன பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவள் போனில் கலகலவென்று சிரித்தாள்.

"ஐயோ அண்ணி, ஒண்ணும் இல்ல. உடம்புக்குத் தேவைப்படாத சத்து அப்படியே வெளிய வருது. எங்க ஜிம்முல எல்லாருக்கும் அப்படித்தான்."

"தேவைப்படாததா? அப்ப எதுக்கு நான் அதை முழுங்கணும்?"

"அது வந்து… கொஞ்சம் உள்ள நிக்கும்ல?"

"எங்க நிக்குது? தோளு கிட்ட எட்டிக்கூடப் பார்க்கலையே."

மூன்றாவது ஒரு பெரிய வாளி. நாத்தனாரே சுமந்துகொண்டு வந்தாள். பாலில் கலக்கிக் குடிக்கிற பொடி, சாக்லேட் வாசனை. குடித்தால் அவளுக்கு வயிறு கல்லாகிவிட்டது. ஏப்பமும் வரவில்லை, பசியும் வரவில்லை. மேசைமேல் குனிந்தால் வயிறு முட்டியது. நாலு நாளில் நிறுத்திவிட்டாள். இவ்வளவு பெரிய வாளி வீணாகக் கூடாதே என்று அவர் குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டது என்றால் சாதாரணமாக இல்லை. சைக்கிளைப் பறக்கவிட்டார். மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினார். அந்த வேகத்தில் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளம் முழுக்க வீடு வீடாகத் தட்டி, ஆகட்டும் சொல்லி, இரண்டு மூட்டை புதுத் துணி கொண்டுவந்து மேசைமேல் இறக்கினார்.

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். அவருடைய பளபளக்கிற முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வாங்கின சத்து உங்களுக்குப் போய் வேலை செய்யுது. அந்த வேலை என் தலையில வந்து விழுது. நல்லா இருக்கா இது?"

"கோவிச்சுக்காதம்மா. இந்த வாரம் மட்டும்தான்."

"எந்த வாரம் இந்த வாரம் மட்டும் இல்லாம இருந்திருக்கு?"

அவர் தண்ணீர் தெளிக்கிற குப்பியை எடுத்து நிரப்பிக்கொண்டு வந்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அவளுக்குக் கோபம் வந்தால் அவர் காட்டுகிற அன்பு இந்த மாதிரி இருக்கும். அதைத் திட்டவும் முடியாது, தின்னவும் முடியாது.

நாலாவது டப்பாவில் ஏதோ மூலிகை வேர். இறுக்கத்தைத் தளர்த்தும் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை, தளர்த்தியது. தோளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தளர்த்தியது. காலையில் போட்டுக்கொண்ட மாத்திரை பத்து மணிக்கு இமையை வந்து இழுத்தது. மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் சூடு முகத்தில் இதமாக அடித்தது. நின்றபடியே கண் செருகிவிட்டது அவளுக்கு. ஒரு நொடிதான் என்று அவள் பிறகு சொன்னாள். தீய்ந்த வாசனைதான் எழுப்பியது.

தபால்காரரின் காக்கிச் சட்டை. காலருக்குக் கீழே, உள்ளங்கை அளவு கருகியிருந்தது.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பதினேழு வருஷம். எத்தனை ஆயிரம் சட்டை. பட்டு, நைலான், மணப்பெண் உடை, செத்துப்போனவருக்குப் போட வேண்டிய கோட்டு எல்லாம் இந்தக் கையில் வந்து போயிருக்கின்றன. ஒரு நூல் கருகியதில்லை. சாயங்காலம் சட்டை வாங்க வந்த தபால்காரர் "விடுங்கக்கா, எனக்கு இன்னொண்ணு இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவர் போனபிறகு முன்னறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஒரு சட்டைக்காக யாராவது இப்படி அழுவாங்களா? நான்கூடத்தான் ஒண்ணு கருக்கினேன்" என்றார் ஆகட்டும்காரர்.

அவள் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளைத் துடைக்க வெளியே போய்விட்டார்.

மறுநாள் நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். நாத்தனாருக்கும் மனசு உறுத்த ஆரம்பித்திருந்தது. இரத்தம் எடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, சர்க்கரை, தைராய்டு என்று ஒரு நீளத் தாள். பெண் மருத்துவர் மேலிருந்து கீழே பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க உடம்புல எதுவும் குறையல."

"குறையலையா?"

"இல்ல. சந்தோஷப்படுங்க."

அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஏதாவது ஒன்று குறைந்திருக்கக் கூடாதா? இதுதான் குறைகிறது, இதைத் தின்றால் தீரும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதுமே. ஒன்றும் குறையாத உடம்பை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார் மருத்துவர். சொன்னாள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"பத்து. மழைக்காலம்னா பத்தரை."

மருத்துவர் பேனாவை மூடினார். "தினமும் பத்து மணி நேரம் கனத்தைத் தூக்கினா தசை இறுகத்தாம்மா செய்யும். அதுக்கு மாத்திரை இல்ல. வேலையைப் பாதியாக் குறைங்க. நடுநடுவுல உக்காருங்க. தோளுக்கு நாலு பயிற்சி எழுதித் தரேன். குறைக்கலைன்னா கை நிரந்தரமா மேல போகாமக்கூட ஆகலாம்."

வீட்டில் ஆகட்டும்காரர் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. பரீட்சையில் அவர்தான் தேறியது போல இருந்தது.

"நார்மல், நார்மல், நார்மல்! எல்லாமே நார்மலாமே!"

"வேலையைப் பாதியாக் குறைக்கச் சொன்னாங்க."

"டாக்டருங்க எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு பாரு, அதுதான் முக்கியம். நான் பயந்தே போயிட்டேன்."

"ஒண்ணும் இல்லைன்னு வரல. ஒண்ணும் குறையலைன்னுதான் வந்திருக்கு. வலி இருக்கு."

"இருக்கும் இருக்கும். மெல்லப் போயிடும்."

அண்ணனை நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் ஐந்தாவது டப்பா மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம். எல்லாச் சத்தும் ஒன்றாக உள்ளதாம்.

"ஒண்ணும் குறையலைன்னு காயிதத்துல வந்துடுச்சே. இது எதுக்கு?"

"குறையலைன்னாலும் கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அவளுக்குப் புரியவில்லை. பத்து மணி வாக்கில் புரிந்தது.

சிறிய வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டலின் துணிமணி பார்க்கிற இளைஞன் இறங்கினான். முகத்தில் மழைத்துளி, கையில் ஒரு நோட்டு. பின்னால் நான்கு பெரிய மூட்டைகள்.

"அக்கா, ஓட்டல்லேருந்து வர்றேன். கோட்டு நூறு, விரிப்பு நாப்பது. எங்க இறக்கட்டும்?"

"நாங்கதான் வேணாம்னு சொல்லிட்டோமே."

அவன் நோட்டைப் பார்த்தான். குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். "இல்லையேக்கா. அண்ணன் அப்பவே ஒத்துக்கிட்டாரே. சம்சாரத்துக்குத் தோள்ல பிரச்சினை, சத்து மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன், ஒரு ரெண்டு மாசம் டைம் குடுங்க, அதுக்குள்ள தயாராயிடுவான்னு சொன்னாரே. நேத்து சாயங்காலம்கூட வந்து, ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியா வந்துடுச்சு, நாளைக்கே அனுப்புங்கன்னு காட்டிட்டுப் போனாரு."

"எதைக் காட்டினாரு?"

"உங்க ரத்தப் பரிசோதனைத் தாளை."

டப்பா ஒவ்வொன்றும் வந்த நாள், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டிய முகம், "எப்படி இருக்கு, இப்பப் பரவாயில்லையா?" என்று தினமும் கேட்டது எல்லாம் அவள் மனசில் வரிசையாக வந்து நின்றன. அக்கறையாக்கும் என்று நினைத்து அவள் எத்தனை நாள் வலியைக்கூடக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். பட்டறையில் விட்ட வண்டி எப்போது கிடைக்கும் என்றல்லவா அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

அந்த நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. ஆகட்டும்காரர் வண்டியைப் பார்த்தார், இளைஞனைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார். வீட்டு வாசலில் அவர் சைக்கிளைப் பூட்டி அவள் பார்த்ததே இல்லை.

"இங்க பாருங்க" என்றாள்.

"சொல்லும்மா."

"எனக்காகத்தான் இதெல்லாம் வாங்கினீங்கன்னு நினைச்சேன்."

"உனக்காகத்தான்! பின்ன யாருக்கு? உன் தோளுக்குத்தானே…"

"என் தோளுக்கு இல்ல. ஓட்டலுக்கு. என்னைத் தயார் பண்ணித் தரேன்னு ஓட்டலுக்குச் சொல்லியிருக்கீங்க. நான் முடியாதுன்னேன். நீங்க ஆகட்டும்னீங்க. எங்கிட்டயும் ஆகட்டும், அவங்ககிட்டயும் ஆகட்டும். நடுவுல நான் மாத்திரையா முழுங்கிட்டு இருக்கேன்."

"முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வரலம்மா. நல்ல மனுஷங்க. தேடி வந்து கேட்டாங்க…"

"நானும் நல்ல மனுஷிதான். நானும் கேட்டேன். எங்கிட்ட மட்டும் பொய் சொல்ல எப்படி வந்துச்சு?"

இளைஞன் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பதுபோல் நின்றான்.

"தம்பி," என்றாள் அவள், "தப்பா எடுத்துக்காதீங்க. என்னால முடியாது. இன்னைக்கும் முடியாது, ரெண்டு மாசம் கழிச்சும் முடியாது. உங்க மேனேஜர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க."

"சரிக்கா" என்றான் அவன். வண்டியில் ஏறப்போனவன் நின்றான். "எங்க அம்மாவும் பாத்திரம் கழுவற வேலைதான்க்கா. அவங்களுக்கும் கை இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஆகட்டும்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதனுக்குப் பேசக் கூடாததுதான் வாயில் வரும்.

"எல்லாம் போச்சு. அவ்வளவு பெரிய இடம், போச்சு. இத்தனைக்கும் ரிப்போர்ட்டுல உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு."

அவள் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். பலகையிலிருந்து இறங்கி அவருக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் தோளிலிருந்து விலக்கினாள்.

"கையைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா."

அவருடைய வலக்கையைப் பின்னால் எட்டிப் பிடித்து இழுத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தாள். "அழுத்துங்க."

அவர் பட்டும் படாமல் அழுத்தினார்.

"நல்லா அழுத்துங்க. கட்டைவிரலால."

கட்டைவிரல் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கே சதை இல்லை. கூழாங்கற்களை வரிசையாகத் தோலுக்கு அடியில் தைத்து வைத்தது போல இருந்தது. ஒன்றன்மேல் விரல் பட்டதும் அவள் உடம்பு முழுக்கத் துள்ளி அடங்கியது. அவர் அடுத்ததைத் தொட்டார். அதற்கடுத்து இன்னொன்று. தோள்முனை வரைக்கும் அப்படியே போயிற்று. ஐந்து டப்பாவின் எழுத்தையும் ஒன்று விடாமல் படித்த மனிதர், அந்தத் தோளைத் தொட்டுப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"இது…" என்றார். "இப்படியா இருக்கு? எப்பலேருந்தும்மா?"

"ரெண்டு வருஷமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுட்டுக்கொண்டவர்போல் கையை மெல்ல எடுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே வச்சிருங்க. நல்லாத் தெரிஞ்சுக்கோங்க."